ஆலங்காட்டுப் பேயின் சிரிப்பு

சுடுகாட்டில் ஒருத்தி கண்ணுக்கு மை தீட்ட உட்காருகிறாள். கள்ளியின் கவட்டுக்குள் காலை நீட்டிக்கொள்கிறாள். எரிகிற சிதையிலிருந்து ஒரு கொள்ளியை உருவி, மசித்து, அந்தக் கரியையே மையாக்கி விழி நிறைய எழுதிக்கொள்கிறாள். எழுதி முடித்ததும் வெடித்துச் சிரிக்கிறாள். சிரித்த வேகத்திலேயே எதற்கோ மிரண்டு பக்கவாட்டில் பார்த்துத் துள்ள, சிதைத் தீ சுட்டுவிடுகிறது. சினம் பொங்கிப் புழுதியை வாரி வாரிப் போட்டு அந்தத் தீயையே அணைக்கப் பார்க்கிறாள். இது காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் இரண்டாம் பாட்டில் வரும் காட்சி. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தமிழில் பாடியது. அம்மையார் என்றதும் நம் நினைவுக்கு வருவது மாம்பழமும், கணவன் விட்டுப்போன புனிதவதியும், அழகை உதறிப் பேயான துறவும்தான். ஆனால் அவருடைய பாட்டுகளில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை. அங்கே இருப்பது கோரமும் சிரிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்த ஒரு பெண்ணுடல். முதலில் வந்தது சிரிக்கும் பேய். விட்டுப்போன கணவன் எழுத்தில் வந்து சேர்ந்தது சில நூற்றாண்டுகள் கழித்து. அவன் வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது. தமிழில் கைவிடப்பட்ட பெண்ணின் கதையை எழுதுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வரலாறு பெரும்பாலும் ஓர் ஊரைச் சுற்றியே நடக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இது. ஒட்டினாற்போல் இருக்கும் பழையனூரையும் ஆலங்காட்டையும் தேவாரம் ஒரே மூச்சில்தான் சொல்லும். முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, 31 ஏடுகள் கொண்டது, பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. சோழ வரலாறு எழுதுகிற எவரும் அந்த ஏடுகளைத் தொடாமல் போக முடியாது. ஆனால் இந்த ஊரின் பழைய நினைவு மன்னர்களைவிடப் பெண்களைப் பற்றியது. சிவனோடு நடனப் போட்டியிட்டுத் தோற்ற காளி இங்கே இருக்கிறாள். ஆட்டத்தில் கழன்று விழுந்த காதணியைச் சிவன் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டிக்கொண்டார் என்றும், பெண் என்பதால் காளி அப்படிக் காலைத் தூக்கக் கூசி நின்றாள் என்றும் தலக்கதை சொல்லும். ஆட்டத்தில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. நாணம்தான் அவளைத் தோற்கடித்தது. அதே காட்டில் அம்மையாரின் பெண்பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி, யார் பார்த்தால் என்ன என்று உட்கார்ந்திருக்கிறாள். தெய்வப் பெண்ணுக்கும் வாய்க்காத ஒரு சுதந்திரம் பேய்ப் பெண்ணுக்கு வாய்த்திருக்கிறது.

பேய்மகள் அம்மையாரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. சங்கப் புறப்பாடல்களின் போர்க்களங்களில் அவள் ஏற்கெனவே அலைந்துகொண்டிருக்கிறாள். திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகளுக்குக் காய்ந்த கூந்தல், பிறழ்ந்த பற்கள், பிளந்த வாய். காதில் ஆந்தையும் பாம்பும் அணியாகத் தொங்கி, அவளுடைய பெரிய மார்பில் மோதுகின்றன. பார்க்கிற எவரையும் நடுங்க வைக்கும் உருவம்தான். ஆனாலும் அவளை ஒருவர் எட்ட நின்று பார்க்கிறார், அஞ்சுகிறார், எழுதுகிறார். அம்மையார் செய்த மாற்றம் இங்கேதான். அவருடைய பதிகத்தின் முதல் பாட்டு ஒரு பெண்பேயை வருணிக்கிறது. முதலில் சொல்லப்படுவது வற்றிச் சுருங்கிய மார்பு. பிறகு புடைத்தெழுந்த நரம்பு, குழிந்த கண், வெளுத்த பல், பள்ளமான வயிறு, செம்பட்டை மயிர், நீண்ட இரண்டு கோரைப் பற்கள், உயர்ந்த பரடு, நெடிய கணைக்கால். பாணரும் புலவரும் பெண்ணை எப்படி உறுப்பு உறுப்பாக எடுத்துப் பாடினார்களோ, அதே முறை. பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தலிலிருந்து பாதம் வரை இப்படித்தான் இறக்கிக்கொண்டு வருகிறது. அந்த வருணனையின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு சதையை உரித்துவிட்டார் அம்மையார். இதைவிடத் துணிச்சலானது அவருடைய கையொப்பம். பதிகங்களின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். ஒரு பதிகத்தில் புதர் மண்டிய தலை, இன்னொன்றில் தீயுமிழும் வாயும் கோரைப் பல்லும் என்று தன் உடலையே பெயரோடு சேர்த்துக் கட்டுகிறார். கூந்தலும் பல்லும் ஒரு பெண்ணின் அழகுக்கு முதல் சாட்சிகளாக இருந்த மொழியில், அவற்றையே இப்படிப் பெயர்ப்பலகையாக மாட்டியவர் அவருக்கு முன் யாரும் இல்லை. இங்கே பேயைப் பார்த்து எழுதுகிறவரும் ஒரு பேய்தான்.

அதனால்தான் அந்தச் சுடுகாட்டில் சிரிப்புக்கு இடம் வருகிறது. பயந்தவனால் பேயின் கோமாளித்தனத்தைப் பார்க்க முடியாது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருப்பவளுக்குத்தான் அது தெரியும். ஒரு பாட்டில் ஒரு பேய், கிடப்பது பிணம் என்று தெரியாமல் அதை நெருங்குகிறது. விரலை நீட்டி மிரட்டுகிறது, கத்துகிறது, உறுமுகிறது, நெருப்பை எடுத்து வீசுகிறது. பிணம் அசையாமல் கிடப்பதைக் கண்டு அரண்டு, தாண்டிக் குதித்து, ஒட்டிய வயிற்றில் அடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து மற்றப் பேய்களும் காரணம் தெரியாமல் சிதறி ஓடுகின்றன. இன்னொரு பாட்டில் ஓமக்குழியில் கிடந்த சோற்றை ஒரு குட்டை நரி தின்றுவிடுகிறது. முன்பே நம் கண்ணில் படாமல் போயிற்றே என்று பேய்கள் கொதித்து, கையைத் தட்டிக்கொண்டு ஓடுகின்றன. பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்த உறவுக்காரர்களின் ஆத்திரம் அதில் அப்படியே தெரிகிறது. இப்படிச் சிரித்துக்கொண்டே வருகிறவர் சட்டென்று நெஞ்சைப் பிசைகிற ஒரு பாட்டையும் நடுவில் வைக்கிறார். நிணத்தை விழுங்கி, மண்டையோட்டு மாலை போட்டுக்கொண்ட ஒரு தாய்ப்பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயரிட்டுச் சீராக வளர்க்கிறாள். மேலிலுள்ள புழுதியைத் துடைத்துவிட்டு, பால் கொடுத்துவிட்டு, எங்கோ போய்விடுகிறாள். குழந்தை அம்மா வரக் காணாமல் அழுது, அழுதபடியே தூங்கிவிடுகிறது. விட்டுப்போதல் என்பது அம்மையாரின் பாட்டுகளில் வரும் ஒரே இடம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதிலும் விட்டுப் போகிறவள் தாய். கணவன் அந்தச் சுடுகாட்டில் எங்கும் கிடையாது.

இதை நகைச்சுவை என்று படிப்பது இன்றைய வாசகரின் ஆசை, பக்திப் பாடலில் அதைத் தேடக் கூடாது என்று சைவ மரபில் ஊறியவர்கள் சொல்லக்கூடும். நியாயமான தடைதான். ஆனால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் நான்கு இடங்களில் பேதைமையையும் மடமையையும் சேர்த்துச் சொல்கிறது. பிணத்தை உயிருள்ள ஆள் என்று நினைத்து அதட்டும் பேய்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. இளிவரல் என்னும் அருவருப்பு பிறக்கும் இடங்களாக மூப்பையும் பிணியையும் அதே இயல் சொல்கிறது. நகையும் இளிவரலும் அச்சமும் ஒரே பாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதை அந்தக் காலத்து வாசகன் நம்மைவிடத் தெளிவாகவே உணர்ந்திருப்பான். அம்மையாரின் விளையாட்டு பேய்களோடு நிற்கவும் இல்லை. அற்புதத் திருவந்தாதியில் அவர் சிவனிடமே குறும்பு பேசுகிறார்: உலகமெல்லாம் திரிந்து பிச்சை எடுப்பதானாலும் அந்தப் பாம்பை விட்டுவிட்டுப் போ, பெண்கள் பயந்துகொண்டு பிச்சை போட வர மாட்டார்கள் என்கிறார். வீட்டில் மூத்தவள் ஒருத்தி வெளியே கிளம்பும் பிள்ளைக்குச் சொல்கிற புத்திமதி மாதிரி இருக்கிறது.

இன்னொரு தடை இதைவிட வலுவானது. பேயுடல் நிலையாமையின் குறியீடு, அதில் பெண்மையைத் தேடுவது வீண் என்பார்கள். சுடுகாடு நிலையாமையைச் சொல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலையாமையைச் சொல்வதற்கு ஆணுடலும் போதும். தமிழ் நீதி நூல்கள் அதற்கு நரைத்த தலையையும் ஊன்றுகோலையும் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கின்றன. அம்மையாரோ தன் பேய் பெண்பேய் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அவள் செய்கிற காரியங்களோ மை எழுதுவது, மாலை கோப்பது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது, புழுதி துடைப்பது, பால் கொடுப்பது. ஒரு வீட்டுப் பெண்ணின் அன்றாடம் முழுவதும், வீடு மட்டும் இல்லாமல், சுடுகாட்டுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. மை கண்ணுக்கு அழகு சேர்க்க வேண்டியது; இங்கே யாருக்காகவும் இல்லாமல் எழுதப்படுகிறது, எழுதியவளே சிரித்துக்கொள்ள. நிலையாமையை மட்டும் சொல்லவந்தவருக்கு இந்தக் காட்சி தேவைப்பட்டிருக்காது.

இனி நமக்குப் பழகிய கதைக்கு வரலாம். அதைச் சொன்னவர் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கன் காலத்து அமைச்சர். நூல் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியபுராணம். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் அவரை மணந்து காரைக்காலிலேயே வாணிகம் நடத்துகிறான். அவன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை ஓர் அடியாருக்கு அமுதோடு படைத்துவிடுகிறார் புனிதவதி. சாப்பிட வந்த கணவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்கிறான். கையில் இல்லாத கனி இறைவனருளால் வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே கேட்கிறான், உண்மை தெரிகிறது, அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான், வந்த கனி அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது. அவனுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. கப்பல் ஏறிப் போனவன் திரும்பி வந்தது பாண்டிநாட்டுக் கரைக்கு. அங்கே இன்னொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர் முதல் மனைவியைச் சிவிகையில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டபோது, மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான். இவர் மானிடப் பெண் அல்லர், தெய்வம் என்கிறான். ஒரு மனைவியைக் கைவிடுவதற்கு இதைவிட மரியாதையான வழி தமிழ் இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை. புனிதவதி அப்போது இறைவனிடம் கேட்பது: இவனுக்காகத்தான் இந்தச் சதையையும் அழகையும் சுமந்தேன், அது இனி வேண்டாம், உன் திருவடியைப் போற்றும் பேய்வடிவம் கொடு. கொடுக்கப்படுகிறது. உற்றார் அஞ்சிக் கும்பிட்டுவிட்டு விலகிப் போகிறார்கள்.

மகத்தான கட்டம் இது. ஆனால் காலவரிசையை அருகருகே வைத்தால் ஒரு நகர்வு புலப்படும். 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் தொண்டர்களின் பட்டியலைப் பாடும்போது அவரைப் பேயார் என்று மட்டும் குறிக்கிறார். கம்போடியாவில் 967-ல் நிறுவப்பட்ட பாந்தே ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் தளர்ந்த மார்போடு ஓர் ஒடிசலான பெண் அமர்ந்திருக்கிறாள். அறிஞர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து ஆடவல்லான் சிற்பத்தின் அடியிலும் அதே எலும்புருவம் உண்டு. கடல் கடந்தும் போன புகழ் பேயுருவின் புகழ். மாங்கனி அந்தச் சிற்பங்களில் இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. கயிலை மலையைக் காலால் மிதிக்க மாட்டேன் என்று அம்மையார் தலையால் நடந்து ஏறுகிறார். அதைப் பார்த்து உமை சிரிக்கிறாள். சிவன் அம்மை என்று அழைக்கிறார். ஒரே பாட்டுக்குள் சிரிப்பும் வியப்பும் அன்பும் சேர்ந்து கிடக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் சேக்கிழார் இதே கட்டத்தை விரிக்கும்போது உமை சிரிப்பதில்லை. அதிசயிக்கிறாள், தலையால் நடந்து வரும் இந்த எலும்புடம்பின் அன்புதான் என்னே என்று கேட்கிறாள். நகையிருந்த இடத்தில் மருட்கை வந்து உட்கார்ந்துவிட்டது. தலைகீழாக ஏறி வருகிற ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரிக்கிற உமையை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் துணிச்சலைக் கண்டு தன்னையறியாமல் சிரிக்கிற சிரிப்பாகவே அதைப் படிக்க முடியும்.

சேக்கிழாருக்கு வாய்மொழி மரபு தெரிந்திருக்கும், அவர் சொன்ன மணவாழ்க்கை உண்மையாகவே நடந்திருக்கலாம் என்பார்கள். நடந்திருக்கலாம். நம்பி பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பாட்டுதான் பாடினார் என்பதால் அவர் சொல்லாமல் விட்டது எதையும் நிரூபிக்காது. என் வாதம் அந்த மணம் நடந்ததா இல்லையா என்பதைப் பற்றியதும் அல்ல. 143 பாட்டுகள் பாடியவர் அதை ஓரிடத்திலும் எடுக்கவில்லை. தன் அன்பு எப்போது தொடங்கியது என்று சொல்லும்போதுகூட, பிறந்து பேச்சுப் பழகிய நாளையே காட்டுகிறார். கணவன் பிரிந்த நாளைக் காட்டவில்லை. பிரிவு நடந்திருந்தாலும், தன் பேயுடலுக்குக் காரணமாக அதைச் சொல்ல அவர் விரும்பவில்லை என்பதுதான் நம் கையிலிருக்கும் சான்று. பின்னால் வந்த சமூகத்துக்கோ காரணம் தேவைப்பட்டது. ஒருத்தி தன் விருப்பத்தால் இப்படியொரு உடலை எடுப்பாளா, ஒருவன் விட்டுப் போனதால்தானே என்கிற கேள்வி அடங்க மறுத்தது.

நாயன்மார் அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். மங்கையர்க்கரசியார் பாண்டியனின் தேவி. இசைஞானியார் சுந்தரரின் தாய். எவருக்கும் மனைவியாகவோ தாயாகவோ பட்டியலில் நுழையாதவர் காரைக்கால் அம்மையார் ஒருவர்தான். அவருக்குக் கொடுக்க அந்தச் சமூகத்திடம் வேறு இடமும் இல்லை. கணவன் இறந்தால் கைம்மை என்று ஒரு நிலை உண்டு. அதன் கொடுமையைப் புறநானூறே சொல்கிறது: வேளைக் கீரை, எள் துவையல், பாயில்லாத பரற்கல் படுக்கை. கணவன் உயிரோடு இருந்து, வேறு வீட்டில் குடும்பம் நடத்தினால், அவள் யார்? கைம்பெண் இல்லை, மனைவியும் இல்லை, கன்னியும் இல்லை. அழகு மட்டும் மிஞ்சியிருக்கிறது, யாருக்கென்று தெரியாமல். சேக்கிழாரின் மேன்மை இந்த இடத்தில் தெரிகிறது. பெண்ணின் அழகு அவளுடைய சொத்தல்ல, கணவனுக்காக அவள் சுமந்து நிற்கிற பாரம் என்பதை அவர் புனிதவதியின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். பாரத்தை இறக்கி வைக்கும் உரிமையையும் அவருக்கே கொடுக்கிறார். ஓர் அரசவை அமைச்சர் 12ஆம் நூற்றாண்டில் இதை எழுதினார் என்பது எளிய செய்தி அன்று. ஆனால் அதற்கு ஒரு விலை கேட்கப்பட்டது. பேயுடல் ஒரு பதிலாக, இழப்புக்கு ஈடாக ஆகிவிட்டது. ஈடாக வாங்கிய உடலில் விளையாட முடியாது. சேக்கிழாரின் பேயார் வணங்கத்தக்கவர், அவரைப் பார்த்து நாம் கைகூப்புகிறோம். மையெழுதிக்கொண்டு வெடித்துச் சிரிக்கிறவள் அங்கே இல்லை.

அதே ஊரின் இன்னொரு பெண்ணைப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு புரியும். பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது, சாரம் ஒன்றுதான். முற்பிறப்பில் கணவன் அவளைக் காட்டுக்கு அழைத்துப் போய்க் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள், அவன் வணிகனாகப் பிறக்கிறான். பேய் அண்டாதபடி மந்திரக் கத்தி ஒன்றோடு அவன் பழையனூர் வழியே வருகிறான். நீலி அழகிய பெண்ணுருவெடுத்து, ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். ஊர்ச்சபையில் வேளாளர் எழுபது பேர் முன்னால் நின்று, கட்டிய கணவன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று அழுகிறாள். அவன் பேய் பேய் என்று கத்துகிறான். குழந்தையை இறக்கிவிட, அது நேரே போய் அவனை அப்பா என்று கட்டிக்கொள்கிறது. சபைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கத்தியை வைத்துவிட்டு மனைவியோடு தங்கு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்கிறார்கள். விடிவதற்குள் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். கள்ளிக்கொம்பு அப்பா என்று கூப்பிடுகிற கட்டம் தெருக்கூத்துக்குரிய சிரிப்பு. அடுத்த காட்சி குடல் சரிந்த உடல். கோரமும் வேடிக்கையும் இங்கும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் சிரிப்பு யார் பக்கம்? கதை எழுபது வேளாளரின் வாய்மையைக் கொண்டாடவே சொல்லப்படுகிறது. அவள் கொலையுண்டவள், அவள் அழுகைக்கு நியாயம் இருந்தது என்பது முன்கதையாகப் பின்னால் போய்விடுகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சித்து உயிர் வாங்கிய ஒருத்தியை நினைத்து அஞ்சும் ஊர் என்று பழையனூரைக் குறிப்பிடுகிறார். இன்றும் ஒரு பெண் அழுதால் நீலிக் கண்ணீர் என்று சொல்ல நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. அவள் கணவனை அப்படிக் குறிக்க ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. இதற்குச் சமணம் மட்டும் ஒரு மாற்று கண்டது: நீலகேசி என்ற காப்பியத்தில் இதே பழையனூர்ப் பேய் ஒரு முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, ஊர் ஊராகப் போய்ப் புத்தர் முதலான பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்லும் தருக்கவாதி ஆகிறது. அங்கே அவளுக்கு அறிவு கிடைத்தது; உடல் மறுபடி அழகான பெண்ணுடல் ஆகிவிட்டது.

முதலாம் குலோத்துங்கன் அவையில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி இந்தக் கலவையை வேறு கைக்கு மாற்றியது. கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் படையெடுப்பைப் பாடும் நூல். ஆனால் பெரும் பகுதியில் நடமாடுபவை பேய்கள். பசியில் ஒட்டிய வயிற்றோடு காளியிடம் முறையிடுகின்றன. இந்திரசாலம் கற்ற முதிய பேய் ஒன்று போர்க்களத்தை மாயமாய்க் காட்ட, இல்லாத குருதியையும் நிணத்தையும் அள்ளப் பாய்ந்து வெறும் வாயை மெல்லுகின்றன. உண்மைப் போர் முடிந்ததும் கூழ் அடுவதற்கு முன் ஒப்பனை நடக்கிறது: யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, அம்பு முனையால் நகம் களைகின்றன. ஆலங்காட்டில் கொள்ளிக்கரியால் மையெழுதியவளின் நேர் வாரிசுகள் இவர்கள். பரணியைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க மாட்டார்கள்; செயங்கொண்டாரின் கற்பனைக்கு முன் நானும் தலைவணங்குகிறேன். இருந்தும் அந்தச் சிரிப்பின் திசை மாறிவிட்டது. கூழ்ப்பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், சூல்கொண்ட பேய் என்று வரிசையாக வருகின்றன. அவை சிரிப்பதற்காக வரவில்லை. அவற்றைப் பார்த்து அரசவை சிரிப்பதற்காக வருகின்றன. அதே நூலின் கடைதிறப்பில், கணவரோடு ஊடிக் கதவடைத்துக்கொண்ட அழகிய பெண்களைப் பாடிக் கதவைத் திறக்கச் சொல்கிறார் புலவர். ஊடியவள் ஒரு பக்கம், பேய் இன்னொரு பக்கம். அம்மையாரிடம் ஒரே உடலாக இருந்ததைப் பரணி இரண்டாகப் பிரித்து, ஒன்றை ரசிக்கவும் மற்றதை நகைக்கவும் கொடுத்துவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரிவினை முழுமையடைந்தது என்றே சொல்ல வேண்டும். 1973-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி வருகிறார். பேயுரு கேட்ட பிறகு வருபவர் கே.பி. சுந்தராம்பாள். அந்தக் குரலின் கம்பீரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் திரையில் நாம் காண்பது மதிப்புக்குரிய ஒரு முதியவரை. வற்றிய மார்பும் கோரைப் பல்லும் கொண்ட ஒருத்தியை அல்ல. மூப்பு என்பது குடும்பம் ஏற்றுக்கொள்ளக்கூடிய உடல், பேய் அப்படியில்லை. காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதம் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் புனிதவதி திருக்கல்யாணம் சிறப்பாக நடக்கிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே நிற்பவர்கள் முட்டி மோதிப் பிடிக்கிறார்கள். விழாவின் முடிவில் அம்மையார் பேயுருவில் கயிலை போகும் நிகழ்வும் உண்டு. ஆனால் கூட்டம் மாம்பழத்துக்குத்தான். ஓர் ஊர் தன் மகளின் கல்யாணத்தை இன்றும் மறக்காமல் இருப்பதில் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. அந்தப் பாசத்துக்கு நடுவே பதினொன்றாம் திருமுறையைத் திறந்து மூத்த திருப்பதிகங்களின் 22 பாட்டுகளையும் நேராகப் படிக்க வேண்டும், நட்டபாடையிலும் இந்தளத்திலும் ஓதுவார் பாடக் கேட்க வேண்டும். கணவன் விட்டுப்போன பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று சேக்கிழார் கேட்ட கேள்வி பெரியதுதான். அந்தப் பாட்டுகளைப் பாடியவர் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவே இல்லை.